தகரக் கடிகாரத்தோடு உலகைச் சுற்றியவர்

எங்கள் வாப்பா ஆழ்கடல் மீன்பிடிப் படகில் தொழில் செய்பவர். ஒரு முறை கடலுக்குப் போனால் திரும்பி வர இருபத்தைந்து நாளும் ஆகும், ஒரு மாதமும் ஆகும். வந்து இரண்டு நாள் உறங்குவார். அதன்பிறகு வலையைப் பார்ப்பார், கடனைப் பார்ப்பார், மறுபடியும் போய்விடுவார். கடலில் இத்தனை நாளும் என்ன செய்தீர்கள் என்று கேட்டால், மீன் பிடித்தோம் என்பதோடு பேச்சை முடித்துவிடுவார். போன வருடம் பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் எனக்குத் தமிழுக்கான பரிசு கிடைத்தபோதும் அவர் கடலில்தான் இருந்தார். அந்த மனத்தாங்கல் எனக்குள் வெகுநாள் இருந்தது.

அந்த நாட்களில்தான் எங்கள் ஆங்கில ஆசிரியை ஒரு பழைய புத்தகத்தைத் தந்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசி என்றார். தனி ஒருவராகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வந்த முதல் மனிதர், தன் பயணத்தைப் பற்றித் தானே எழுதிய நூல் அது. அவர் பெயர் ஜோசுவா ஸ்லோக்கம். வாப்பா சொல்லாத கடலை எனக்குச் சொன்னவர் அவர். அவருடைய வாழ்க்கையைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

ஸ்லோக்கம் 1844 பெப்ரவரி 20ஆம் திகதி, இன்று கனடாவிலுள்ள நோவா ஸ்கோஷியாவில் பிறந்தார். பதினொரு பிள்ளைகளில் அவர் ஐந்தாமவர். தந்தை மீனவர்களுக்குச் சப்பாத்துத் தைக்கும் தொழில் செய்தார். மிகவும் கண்டிப்பானவர். பத்து வயதிலேயே மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்தித் தொழிலில் சேர்த்துக்கொண்டார். சிறுவன் ஸ்லோக்கம் ஒளித்து ஒளித்துச் செய்த சிறிய மரக் கப்பலை ஒரு நாள் கண்டபோது, அதைத் தரையில் அடித்து நொறுக்கிவிட்டார். கப்பல் நொறுங்கியதே தவிரக் கப்பல் ஆசை நொறுங்கவில்லை. பதினான்கு வயதில் வீட்டை விட்டு ஓடி ஒரு மீன்பிடிக் கப்பலில் சமையற்காரனாகச் சேர்ந்தார். சமைக்கத் தெரியாததால் சீக்கிரமே திரும்பி வந்தார். பதினாறு வயதில் தாயார் இறந்தபின் மீண்டும் புறப்பட்டார். இருபத்தைந்து வயதளவில் ஒரு கப்பலுக்குத் தலைவரானார்.

1871இல் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் வெர்ஜீனியா வோக்கர் என்ற பெண்ணை மணந்தார். வெர்ஜீனியா கரையில் காத்திருக்கும் மனைவியாக இருக்கவில்லை. கணவரோடு கப்பலிலேயே குடும்பம் நடத்தினார். பிள்ளைகளைப் பெற்றதும் வளர்த்ததும் எழுத்துச் சொல்லிக் கொடுத்ததும் கப்பலில்தான். ஏழு பிள்ளைகளில் நால்வரே தங்கினார்கள். 1884இல் ஆர்ஜென்டீனாவின் புவனஸ் அயர்ஸ் துறைமுகத்தில் கப்பல் நின்றபோது வெர்ஜீனியா நோயுற்று இறந்தார். அப்போது அவருக்கு வயது 34. அந்த இழப்புக்குப் பின் ஸ்லோக்கம் பழைய மனிதராக இருக்கவில்லை என்று அவரை அறிந்தவர்கள் கூறினார்கள்.

பின்னர் ஹெற்றி என்ற உறவுக்காரப் பெண்ணை மணந்தார். 1887இன் கடைசியில் அவருடைய சொந்தக் கப்பல் பிரேசில் கரையில் மணல் திட்டில் மோதி உடைந்தது. கையில் காசு இல்லை. ஆனாலும் அவர் கலங்கி உட்காரவில்லை. உடைந்த கப்பலிலிருந்து எடுத்தவற்றையும் காட்டு மரங்களையும் கொண்டு 35 அடி நீளத்தில் ஒரு படகைக் கட்டினார். ஹெற்றி பாய் தைத்தார். இரண்டு மகன்மாரும் கூட இருந்தார்கள். பிரேசிலில் அடிமைகள் விடுதலை பெற்ற 1888 மே 13ஆம் திகதி அந்தப் படகு தண்ணீரில் இறக்கப்பட்டது. அதனால் அதற்கு விடுதலை என்ற பொருளுள்ள போர்த்துக்கேயச் சொல்லையே பெயராக வைத்தார். அந்தப் படகிலேயே சுமார் 5,500 மைல் கடந்து குடும்பத்தோடு அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்.

ஆனால் காலம் மாறிவிட்டது. நீராவிக் கப்பல்கள் வந்துவிட்டன. பாய்க்கப்பல் மட்டுமே தெரிந்த தலைவருக்கு வேலை கொடுக்க யாரும் இல்லை. 1892இல் பழக்கமான ஒரு முதிய கப்பல் தலைவர், தன்னிடம் ஒரு கப்பல் இருக்கிறது, கொஞ்சம் பழுதுபார்க்க வேண்டும், எடுத்துக்கொள் என்றார். ஸ்லோக்கம் போய்ப் பார்த்தார். மசாசூசெற்ஸ் மாநிலத்தில் ஒரு புல்வெளியின் நடுவே, சீலையால் மூடப்பட்டு, உக்கிப்போன ஒரு பழைய சிப்பிப் படகு கிடந்தது. ஸ்பிரே என்பது அதன் பெயர். ஊரார் அதை உடைக்கப் போகிறாரோ என்று கேட்டார்கள். இல்லை, கட்டப் போகிறேன் என்றார் அவர். பக்கத்தில் நின்ற ஓக் மரத்தை வெட்டி அடிமரம் செய்தார். ஒவ்வொரு பலகையாக மாற்றினார். பதின்மூன்று மாதம் உழைத்தார். தன் உழைப்பைத் தவிர்த்து ஆன செலவு 553 டொலர் 62 சதம். 36 அடி 9 அங்குல நீளமுள்ள உறுதியான படகு உருவாயிற்று.

1895 ஏப்ரல் 24ஆம் திகதி பொஸ்டன் துறைமுகத்திலிருந்து அவர் தனியே புறப்பட்டார். அப்போது அவருக்கு 51 வயது. ஹெற்றி கரையிலேயே நின்றுவிட்டார். அத்திலாந்திக் சமுத்திரத்தில் இறங்குமுன், கடைசியாக நின்ற துறையில் ஒரு கடிகாரம் வாங்கினார். கடலில் நிற்கும் இடத்தைக் கணக்கிடச் சரியான நேரம் தெரிய வேண்டும். அதற்கென்று செய்யப்பட்ட விலையுயர்ந்த கடிகாரம் அவரிடம் இருந்தது. ஆனால் அதைச் சீர்செய்ய 15 டொலர் கேட்டதால் வீட்டிலேயே விட்டு வந்திருந்தார். கடையில் ஒன்றரை டொலர் விலை சொன்ன தகரக் கடிகாரத்தின் முகப்பு உடைந்திருந்ததால் ஒரு டொலருக்கே கொடுத்தார்கள். உலகைச் சுற்றும் பயணத்தில் அவரிடம் இருந்த கடிகாரம் அதுதான்.

இனி நான் ஆசையோடு வாசித்த பகுதிக்கு வருகிறேன். புயலையும் கொள்ளையரையும் பற்றி எழுதுவோர் பலர். நான் அறிய விரும்பியது, கரையே தெரியாத கடலில் ஒரு மனிதன் காலையில் எழுந்து என்ன செய்வான் என்பதைத்தான்.

முதல் நாட்களில் பனிமூட்டம் படகைச் சூழ்ந்தது. தனிமை அவரை அழுத்தியது. ஒரு மாலை மூட்டம் விலகி முழு நிலா எழும்பியபோது, மனிதர் ஒருவரைக் கண்டவர்போல அவர் நிலாவுக்கு மாலை வணக்கம் சொன்னார். பேசாமலே இருந்தால் குரல் போய்விடுமோ என்ற பயமும் வந்தது. அதனால் கப்பலில் ஆட்கள் இருப்பதுபோல உரக்கக் கட்டளை இட்டுப் பார்த்தார். பதில் சொல்ல யாருமில்லாததால் அது வெறுமையாக ஒலித்தது. பின்னர் பாடத் தொடங்கினார். கேட்பதற்கு ஆமைகளும் ஓங்கில்களும் இருந்தன. வேலை கூடக் கூடத் தனிமை குறைந்தது.

வேலைக்குக் குறைவில்லை. பாயைத் தைக்க வேண்டும், கயிற்றைப் பார்க்க வேண்டும், சூரியனை அளந்து இருக்கும் இடத்தைக் குறிக்க வேண்டும். சமையலும் அவரே. பதினான்கு வயதில் சமையலில் தோற்றவர் இப்போது கோப்பியும் சூடான பிஸ்கட்டும் உருளைக்கிழங்கும் உப்பிட்ட கருவாடும் தானே ஆக்கிச் சாப்பிட்டார். வெப்பமான கடல்களில் இரவில் பறக்கும் மீன்கள் படகின் மேல்தளத்தில் வந்து விழும். விடிந்ததும் பொறுக்கினால் காலைச் சாப்பாடு ஆயிற்று. ஒரு தோணியைக் குறுக்கே பாதியாக அறுத்துப் பலகை அடித்துக் கொண்டுவந்திருந்தார். துறைமுகத்தில் அது தோணி. கடலில் அதுவே உடுப்புத் துவைக்கும் தொட்டி, குளிக்கும் தொட்டி. இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் உம்மாவும் ஒரு வாளியை இப்படித்தான் நாலு வேலைக்குப் பயன்படுத்துவார்.

தனி மனிதர் உறங்கும்போது படகை ஓட்டுவது யார்? ஸ்பிரேயின் அமைப்பில் ஓர் அருமை இருந்தது. பாய்களைச் சரியாக விரித்துச் சுக்கானைக் கயிற்றால் கட்டிவிட்டால், அது போட்ட திசையிலேயே நாட்கணக்கில் ஓடும். அந்த நேரத்தில் அவர் உறங்குவார், சமைப்பார், வாசிப்பார். நிறையப் புத்தகங்கள் கொண்டு போயிருந்தார். பள்ளியை மூன்றாம் நான்காம் வகுப்போடு விட்டவர் நடுக்கடலில் இருந்து வாசித்தார் என்பது எனக்குப் பெரிய விடயமாகத் தெரிந்தது.

ஆபத்துகளும் வராமல் இல்லை. அசோர்ஸ் தீவுகளைக் கடந்தபின் பிளம்ஸ் பழத்தையும் வெண்ணிறச் சீஸையும் சேர்த்துச் சாப்பிட்டு வயிற்று வலியால் தரையில் சுருண்டு கிடந்தார். அன்று கடல் கொந்தளித்தது. கண் மயங்கிய நிலையில் பழங்காலத்து மாலுமி ஒருவர் சுக்கானைப் பிடித்திருப்பதாகக் கண்டார். விழித்துப் பார்த்தால் படகு தன் வழியில் தவறாமல் ஓடியிருந்தது. ஜிப்ரால்டரில் இருந்து சுயெஸ் வழியாகக் கிழக்கே வரத்தான் முதலில் நினைத்தார். அந்த வழியில் கொள்ளையர் பயம் உண்டு என்று எச்சரித்ததால், திரும்பி மறுபடியும் அத்திலாந்திக்கைக் கடந்து தென் அமெரிக்காவின் தென்முனைக்குப் போனார். அங்கே மகெல்லன் நீரிணையில் இரவில் படகைத் தாக்க வருவோர் உண்டு என்று கேள்விப்பட்டார். புந்தா அரேனாஸ் என்ற ஊரில் அன்பர் ஒருவர் ஒரு பை நிறையக் கம்பள ஆணிகளைக் கொடுத்திருந்தார். அவற்றை மேல்தளத்தில் கூர் மேலே இருக்கும்படி பரப்பிவிட்டு உறங்கினார். ஒரு நள்ளிரவில் வெறுங்காலோடு ஏறியவர்கள் அலறிக்கொண்டு கடலில் குதித்தார்கள். நாய் குரைக்கத் தேவையில்லாமல் போயிற்று.

பசுபிக்கில் ஜுவான் பெர்னாண்டஸ் தீவை 1896 மே மாதம் விட்டவர், எங்கும் தரிக்காமல் 72 நாள் ஓடி ஜூலை 16ஆம் திகதி சமோவாவை அடைந்தார். நாற்பத்து மூன்றாம் நாள் மார்க்கேசஸ் தீவுகள் தெரிந்தபோது, சந்திரனை வைத்து அவர் போட்ட கணக்கும் தகரக் கடிகாரத்தை வைத்துக் குத்துமதிப்பாகப் போட்ட கணக்கும் ஐந்து மைலுக்குள் ஒத்துப்போயின. பிறகு அந்தக் கடிகாரம் நிமிட முள்ளை இழந்தது. நின்றும் போயிற்று. அதை வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைத்து மறுபடியும் ஓடச் செய்தார். மணி முள் மட்டும் போதும் என்று அதையே வைத்துக்கொண்டார்.

அவுஸ்திரேலியாவில் படகைப் பார்க்க வந்தவர்களிடம் ஆறு பென்ஸ் வாங்கிச் செலவுக்குச் சேர்த்தார். 1897 ஜூன் 24ஆம் திகதி வடக்கே தேர்ஸ்டே தீவிலிருந்து புறப்பட்டு நமது இந்து சமுத்திரத்துக்குள் வந்தார். அந்தப் பயணத்தில் அவர் இலங்கைக்கு வரவில்லை. நமக்குத் தென்கிழக்கே வெகு தூரத்திலுள்ள கீலிங் தீவுகளுக்குப் போனார். 2,700 மைல், 23 நாள். அத்தனை நாளிலும் அவர் சுக்கானைக் கையில் பிடித்தது எல்லாமாகச் சேர்த்து மூன்று மணிநேரத்துக்கு மேல் இல்லை.

கீலிங்கில் வாழ்பவர்கள் மலாய் முஸ்லிம்கள். அங்கே சிறுவர்கள் அவரைச் சுற்றியே நின்றார்கள். ஒரு நாள் அவர் பிஸ்கட்டில் கறுப்பு நிற ஜாமைத் தடவிச் சாப்பிடக் கண்டு, கப்பல்காரர் தார் சாப்பிடுகிறார் என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். பிறகு அந்தத் தார் இனிக்கும் என்று கண்டுபிடித்து அவரிடமே வந்து நின்றார்கள். உலகைச் சுற்றிய பயணத்தில் உயிருக்கு மிகப் பெரிய ஆபத்து வந்ததும் இந்த அமைதியான தீவில்தான். ஒரு நாள் சின்ன ஓட்டைத் தோணியில் உள்ளூர்த் துணையாள் ஒருவரோடு கடலேரியில் போனபோது காற்று அவர்களை வெளிக்கடலுக்குத் தள்ளியது. துடுப்பு இல்லை. குடிக்க ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. காற்று அடித்த திசையில் அடுத்த கரை மூவாயிரம் மைலுக்கு அப்பால் ஆபிரிக்கா. கையில் கிடைத்த ஒரு கழியைத் துடுப்பாக்கி உயிரைக் கொடுத்து வலித்து, ஆழமற்ற நீருக்கு வந்து சேர்ந்தார்கள். சமுத்திரத்தில் எல்லாவற்றையும் கவனமாகச் செய்தவர், கரைக்குப் பக்கம்தானே என்று ஒரு நாள் கவனம் தவறினார். அது எனக்கு மனதில் பதிந்தது.

மொரீசியஸைக் கடந்து தென்னாபிரிக்காவுக்குப் போனார். அங்கே ஜனாதிபதி குரூகர் பூமி தட்டையானது என்று நம்பியவர். உலகைச் சுற்றி வருகிறேன் என்பது தவறு, உலகத்தில் வருகிறேன் என்றுதான் சொல்ல வேண்டும் என்று திருத்தினாராம். சென் ஹெலனா தீவில் ஒரு ஆட்டைக் கொடுத்து அனுப்பினார்கள். அது மேற்கிந்தியத் தீவுகளின் கடல் வரைபடத்தைத் தின்றுவிட்டது. தொப்பியையும் விடவில்லை. அடுத்த தீவில் ஆட்டை இறக்கிவிட்டு, வரைபடம் இல்லாமலே கரீபியன் கடலுக்குப் போனார்.

1898 ஜூன் 27ஆம் திகதி அதிகாலை அமெரிக்காவின் நியூபோர்ட் துறைமுகத்தில் ஸ்பிரே நங்கூரம் போட்டது. மூன்று வருடம், இரண்டு மாதம், இரண்டு நாள். 46,000 மைலுக்கு மேல். புறப்பட்டபோது இருந்ததைவிட அவர் எடை ஒரு இறாத்தல் கூடியிருந்தது. சில நாளில், படகை முதலில் தண்ணீரில் இறக்கியபோது எந்தக் கம்பத்தில் கட்டினாரோ அதே கம்பத்தில் கொண்டுபோய்க் கட்டினார்.

அவர் எழுதிய நூல் 1900இல் வெளிவந்தது. புகழும் கொஞ்சம் பணமும் வந்தன. ஒரு தீவில் தோட்டம் வாங்கி விவசாயம் செய்து பார்த்தார். மனம் நிற்கவில்லை. மறுபடியும் மறுபடியும் தனியே கடலுக்குப் போனார். 1909 நவம்பரில், 65ஆவது வயதில், ஸ்பிரேயில் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். அதன்பின் அவரையோ படகையோ யாரும் காணவில்லை. 1924இல்தான் சட்டப்படி அவர் இறந்தவர் என அறிவிக்கப்பட்டார். பதினைந்து வருடம் ஹெற்றிக்கு ஒரு முடிவு தெரியாமலே இருந்தது.

அவரை நான் குறையில்லாத மனிதர் என்று சொல்ல மாட்டேன். புகழ் அவருக்கு வந்தது, காத்திருப்பு மற்றவர்களுக்கு வந்தது. அந்தக் கடைசிப் பக்கத்தை வாசித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. வாப்பா போய் அன்று பத்தொன்பதாம் நாள். உம்மா இஷா தொழுதுவிட்டு வழக்கத்தை விட நீண்ட நேரம் துஆக் கேட்பதை அன்றுதான் கவனித்தேன். அதற்கு முன்பும் அவர் அப்படித்தான் கேட்டிருப்பார்.

வாப்பா அல்ஹம்துலில்லாஹ் நலமாக வந்தார். இந்த முறை நான் கேள்வியை மாற்றினேன். என்ன செய்தீர்கள் என்று கேட்காமல், போட்டில் யார் சமைப்பது, எங்கே படுப்பது, குளிக்கத் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டேன். வாப்பா முதலில் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். பிறகு பேசத் தொடங்கினார். ஐந்து பேரும் முறை வைத்துச் சமைப்பார்களாம். நல்ல தண்ணீர் குடிக்கவும் சோறாக்கவும் மட்டும்தானாம், குளிப்பது கடல் நீரில்தானாம். இரவில் ஒருவர் விழித்திருக்க வேண்டுமாம். தன் முறை வரும்போது, இந்நேரம் மகள் எழும்பிப் படித்துக்கொண்டிருப்பாள், இந்நேரம் சுபஹ் தொழுதிருப்பாள் என்று எங்கள் வீட்டு நேரத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாராம். பரிசளிப்பு விழா நடந்த நாளும் மணியும் அவருக்குச் சரியாக நினைவிருந்தன.

பிறகு நான் ஸ்லோக்கத்தின் கதையைச் சொன்னேன். ஆடு வரைபடத்தைத் தின்ற இடத்தில் வாப்பா வாய்விட்டுச் சிரித்தார். கடைசியில் அந்த மனிதருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். உம்மா குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உண்மையைச் சொன்னேன். வாப்பா சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அவர் தனியாகப் போனார், நாங்கள் ஐந்து பேர் போகிறோம் மகள் என்றார். அதை என்னிடம் சொன்னாலும் அவர் பார்த்தது உம்மாவைத்தான்.

அடுத்த பயணத்துக்கு அவருடைய பையில் ஒரு அப்பியாசக் கொப்பியும் இரண்டு பேனாவும் வைத்தேன். ஒரு நாளைக்கு ஒரு வரி போதும், ஸ்லோக்கம் எழுதியது போல எழுதுங்கள் என்றேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், வெட்கப்பட்டுத்தான் வாங்கிக்கொண்டார். இருபத்தேழாம் நாள் வந்தபோது கொப்பி ஈரத்தில் ஊறி ஓரங்கள் சுருண்டிருந்தன. அதில் இருபத்தாறு வரிகள் இருந்தன. ஒரு நாள் காற்று இல்லை. ஒரு நாள் சோறு அடிப்பிடித்தது. ஒரு நாள் ஓங்கில் கூட்டம் வந்தது. விடுபட்ட ஒரு நாள் எது என்று கேட்டேன். அன்று கடல் பெரிதாக இருந்தது, எழுத நேரமில்லை என்றார்.

அந்தக் கொப்பியை என் புத்தகங்களோடு வைத்திருக்கிறேன். ஸ்லோக்கத்தின் நூலுக்குப் பக்கத்தில்.